ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கப்போன தவளை

ஒரு காட்டில், சரியாகச் சொன்னால் நடுவே நான்குவழிச் சாலை போட்டுவிட்டபடியால் இரண்டு அரைக்காடுகளில், தவளைகள் வாழ்ந்துவந்தன. ஆண் தவளைகள் மேற்கே குட்டையில். பெண் தவளைகள் கிழக்கே குளத்தில். சாலையைத் தாண்டப் பார்த்தவர்கள் தட்டையாகிவிட்டார்கள்.

ஆகவே வழக்கம் மாறியது. மழைக்காலத்தில் ஆண் தவளை தன் பாட்டை வீட்டிலேயே பதிவு செய்து எதிர்ப்பக்கம் அனுப்பவேண்டும். கேட்டுப் பிடித்தால் பெண் தவளை சம்மதம் சொல்லும். மழை நிற்பதற்குள் பாட்டு போய்ச் சேராதவன் அடுத்த மழைவரை சேற்றுக்குள் தனியாகத் தூங்கவேண்டியதுதான்.

சேற்றழகன் என்ற தவளை அப்படி ஒருமுறை தூங்கி எழுந்தவன். போன மழை முழுவதும் எந்த மைக் வாங்குவது என்று யோசித்ததிலேயே போய்விட்டது. இந்த மழைக்கு மைக் இருந்தது. பாசிமலர் மீது காதலும் இருந்தது. அவளை இரண்டு லாரிகளுக்கு நடுவே ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறான். ஆனால் மைக்கைக் கணினியில் செருக ஓட்டை இல்லை.

“மாப்ள, ரெண்டுக்கும் நடுவுல ஒரு பொட்டி வேணும்டா,” என்றான் பக்கத்து வளை வெள்ளையப்பன். “ஆடியோ இன்டர்ஃபேஸ்னு பேரு. சாரங்கபாணி அண்ணாச்சி கடையில இன்னிக்குக் காலையிலதான் வாங்கினேன். முன்னாடி இருந்ததைக் கண்ணை மூடிட்டு எடுத்தேன். சாயங்காலம் வீட்டுக்கே வந்து மாட்டிக் குடுக்கறாராம்.”

“ஆராயாம வாங்கிட்டியா?” என்று பதறினான் சேற்றழகன்.

மறுநாள் வெள்ளையப்பனைக் காணோம். ரெக்கார்டிங்கில் மூழ்கிவிட்டான் என்று குட்டையே பெருமைப்பட்டது.

சாரங்கபாணி ஒரு சாரைப்பாம்பு. தவளை பாம்பின் கடைக்குப் போகுமா என்று கேட்பீர்கள். காட்டு வணிகர் சங்கத்தின் விதியை நீங்கள் படித்ததில்லை. ‘கடைக்குள் நுழைந்தவர், பொருளோடு வீடு போய்ச் சேரும்வரை வாடிக்கையாளர் ஆவார். வாடிக்கையாளரைத் தின்னலாகாது.’ அதற்குப் பின் என்ன செய்யலாம் என்று விதி எதுவும் சொல்லவில்லை. சாரங்கபாணி விதிகளை எழுத்துக்கு எழுத்து மதிப்பவர்.

கடை, சாலைக்கு அடியில் போகும் பெரிய சிமெண்ட் குழாய்க்குள் இருந்தது. நடுவே ஒரு ஷட்டர். அதற்கு அந்தப் பக்கம் என்ன என்று யாரும் பார்த்ததில்லை.

“வாங்க தம்பி. தனியாப் பாடறதா, கோஷ்டியா?”

“தனியாதான் அண்ணாச்சி.”

“அப்ப ஒரு மைக் செருகற பொட்டி போதும். இந்தாங்க. வீடு எங்க, தாழம்புதர் பக்கமா?”

“இருங்க. நாளைக்குக் கல்யாணமாகி அவளும் கூடப் பாடினா?”

“ரெண்டு மைக் பொட்டி எடுத்துக்குங்க.”

“குழந்தைங்க பொறந்தா?”

தவளைக்கு எத்தனை குழந்தைகள் பிறக்கும் என்பது சாரங்கபாணிக்கு நன்றாகத் தெரியும். அத்தனை மைக் செருகும் பெட்டி உலகத்தில் இல்லை. ஆனால் அந்தக் கணக்கை நினைத்ததில் அவர் வாயில் எச்சில் ஊறியது. “நிதானமா யோசிங்க,” என்றார். அது அவர் செய்த பெரிய பிழை.

சேற்றழகன் நிதானமாக யோசித்தான். அறிஞர்களைக் கேட்டான். வௌவால், மிக மிக உச்சமான ஒலியைப் பிடிக்காத பெட்டி குப்பை என்றது. யானை, மிக மிகத் தாழ்ந்த உறுமலைப் பிடிக்காத பெட்டி குப்பை என்றது. இரண்டும் தத்தம் காதுக்குக் கேட்பதைச் சொல்லின. சேற்றழகன் இரண்டையும் மனப்பாடம் செய்துகொண்டு கடைக்கு வந்தான்.

“சார், அந்த ஒலியெல்லாம் உங்களுக்கும் கேக்காது, பாட்டைக் கேக்கப்போற அவங்களுக்கும் கேக்காது,” என்றார் சாரங்கபாணி.

“கேக்கலைங்கறதுக்காக இல்லாம இருக்கலாமா அண்ணாச்சி?”

பின்னால் வரிசையில் நின்ற தவளைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. முன்னால் இருந்ததை எடுத்துக்கொண்டு போவதாக வந்தவர்கள் அவர்கள். இப்போது அவர்களுக்கும் சந்தேகம் வந்துவிட்டது. ஒவ்வொருவராக, “நானும் கொஞ்சம் விசாரிச்சுட்டு வரேன்,” என்று நழுவினார்கள்.

மழை தொடர்ந்து பெய்தது. சாரங்கபாணி மெலிந்தார். மெலிய மெலிய மரியாதை கூடியது.

“ஐயா, இதை எடுத்துக்குங்க. பாடறதுக்கும் அது காதுல கேக்கறதுக்கும் நடுவுல கண் இமைக்கற நேரம்கூட ஆகாது.”

“யார் கண்ணு? உங்களுக்குத்தான் இமையே இல்லையே.”

“ஒலி சுத்தமா இருக்கும்யா!”

“உங்களுக்குக் காதும் இல்லையே அண்ணாச்சி. எப்படிச் சொல்றீங்க?”

“காது இருந்தா இந்த வியாபாரமே பண்ண முடியாதுய்யா,” என்றார் சாரங்கபாணி. பசியில் உண்மை வந்துவிட்டது.

ஹெட்போன் இலவசம் என்றார். மூடிய வகையா, திறந்த வகையா என்று சேற்றழகன் கேட்டான். கேபிள் இலவசம் என்றார். நீளம் கூடினால் இரைச்சல் கூடுமாமே என்றான். கடைசியில் சாரங்கபாணி கவுண்டரில் தலையை வைத்து அழுதார்.

“சாமி, காசே வேணாம். இந்தப் பொட்டியைத் தூக்கிட்டுப் போங்க. வீடு மட்டும் எங்கன்னு சொல்லுங்க.”

சேற்றழகன் பெட்டியைக் கையில் வாங்கினான். வாசல் வரை போனான். திரும்பினான்.

“சும்மா குடுக்கறீங்கன்னா, அடுத்த மாடல் வரப்போகுதா?”

சாரங்கபாணி பெட்டியைத் திரும்ப வாங்கி வைத்தார். அங்கேயே சட்டையை உரித்தார். சட்டை அவரைவிடப் பருமனாக இருந்தது. அதைக் கவுண்டரில் விட்டுவிட்டு, மிச்சமிருந்த சரக்கை ஒரு மூட்டையாகக் கட்டிக்கொண்டு, அன்றே ஊரை விட்டுப் போனார். இப்போது வேறொரு காட்டில் தலைவலி மாத்திரை விற்கிறாராம். அதை யாரும் ஒப்பிட்டுப் பார்த்து வாங்குவதில்லை.

மறுநாள் சேற்றழகன் வந்தபோது கடை காலியாக இருந்தது. வெளியே மழை தூறலாகிவிட்டது, சாயங்காலத்துக்குள் நின்றுவிடும். பழைய சரக்கு ஏதாவது கிடக்குமா என்று நடு ஷட்டரைத் தூக்கினான்.

அந்தப் பக்கமும் ஒரு கவுண்டர் இருந்தது. அந்தக் கவுண்டரின் முன்னால் ஒரு பெண் தவளை நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் வெளிச்சமும், கிழக்குக் குளமும்.

“கடை மூடியாச்சா?” என்றாள் பாசிமலர். “பாட்டு வந்தா கேக்கறதுக்கு ஒரு ஸ்பீக்கர் வாங்கணும். மழை ஆரம்பிச்சதுலேர்ந்து வந்து பார்த்துட்டிருக்கேன். இன்னும் ஒரே ஒரு கேள்விதான் பாக்கி.”

பாவம், சாரங்கபாணியை இரண்டு பக்கத்திலிருந்தும் பட்டினி போட்டிருக்கிறார்கள்.

“நான் சேற்றழகன். உங்களுக்குப் பாட்டு அனுப்பணும்னு இருந்தேன். இன்னும் பதிவு பண்ணலை.”

“நல்லதாப் போச்சு. கேக்க எங்கிட்டயும் ஒண்ணும் இல்லை.”

வேறு வழியில்லாமல் அவன் நேராகவே பாடினான். வௌவாலுக்கு வேண்டிய உச்சம் அதில் இல்லை. யானைக்கு வேண்டிய ஆழமும் இல்லை. சிமெண்ட் குழாயில் எதிரொலி மட்டும் பிரமாதமாக இருந்தது.

“சம்மதமா?” என்றான்.

“யோசிச்சுச் சொல்றேன்,” என்றாள் பாசிமலர். இதைவிட இனிமையான சொல்லைச் சேற்றழகன் கேட்டதில்லை.

அவள் யோசிப்பதற்காக அங்கேயே தங்கினாள். யோசனை இன்றும் முடியவில்லை. பிள்ளைகள் மட்டும் குட்டை நிறைய இருக்கிறார்கள். மற்றத் தவளைகளும் குழாய் வழியே போய்வரத் தொடங்கின. ஏன் சாரங்கபாணி கடையை மூடினார் என்பது ஒருவருக்கும் தெரியாது. வெள்ளையப்பனின் ஆல்பத்தை எல்லோரும் இன்னும் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

நீதி: முடிவெடுக்காதவரை உங்கள் முகவரி உங்களோடு இருக்கும்.