ராஜநாயகம் வாத்தியாரின் பித்தளைப் படி

அளந்து பார்க்கும் மனிதர் என்று ஓர் இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். தியாகராய நகர் ஜவுளிக் கடையில், கடைக்காரர் கஜக்கோலால் அளந்து கிழித்துக் கொடுத்த துணியை அங்கேயே விரித்து, பையிலிருந்து தம் சொந்த நாடாவை எடுத்து மறுபடி அளந்து, நாடாவையும் கடைக்காரர் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பாரே, அவர்தான். அடையாறில் பால்காரர் எருமையின் அடியில் குந்தும்போது தாமும் எதிரே குந்தி, கறப்பதற்கு முன் சொம்பைக் கவிழ்த்துக் காட்டச் சொல்பவரும் அவரே. தீப்பெட்டி வாங்கினால் குச்சிகளை எண்ணுவார். எண்ணிக்கை சரியாக இருந்துவிட்டால் அவர் முகத்தில் ஓர் ஏமாற்றம் படரும் பாருங்கள், அதற்கு எந்தக் கடைக்காரராலும் நஷ்டஈடு கொடுக்க முடியாது.

இந்த இனத்தைக் கேலி செய்வது சுலபம். ஆனால் யுத்த காலத்தில், அரிசியில் கல் கிடந்தது போய்க் கல்லில் அரிசி கிடந்தபோது, நமக்காகக் கடை வாசலில் நின்று சண்டை போட்டவர் யார்? நாம் தலையைக் குனிந்துகொண்டு பையை நீட்டினோம். அவர் குனியவில்லை. இதையும் சொல்லிவிட்டுக் கேலியைத் தொடர்வதுதான் முறை.

இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி சாந்தோமில் இருந்தார். பெயர் லூயிஸ் ராஜநாயகம். மாதாகோவில் பள்ளியில் முப்பத்திரண்டு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு மெழுகுவர்த்தி அவரைப் பொதுவாழ்வுக்கு இழுத்து வந்தது. ஆறு மணி நேரம் எரியும் என்று பொட்டலத்தில் அச்சிட்டிருந்தார்கள். யார் அதைப் படிக்கிறார்கள்? ராஜநாயகம் படித்தார். மறுநாள் காலை பத்து மணிக்கு, சூரியன் கூடத்தில் கொட்டிக்கொண்டிருக்கையில், அதை ஏற்றி வைத்து எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"பட்டப்பகல்ல எதுக்குங்க வெளக்கு?" என்றாள் மனைவி ஐரின்.

"பேசாத. மூச்சுக் காத்து பட்டா சீக்கிரம் எரிஞ்சிடும்."

நாலு மணி நேரம் ஐம்பது நிமிஷத்தில் அணைந்தது. அடுத்த மாதமே, 1944 பிப்ரவரி ஆறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, இரண்டாம் பூசை முடிந்ததும், பள்ளிக்கூடத்து ஐந்தாம் வகுப்பு அறையில் ஏழு பேர் கூடி, 'சாந்தோம் – மயிலை வாங்குவோர் சங்கம்' உதயமாயிற்று. தலைவர், மயிலாப்பூர் ரகுபதி. ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்தவர். கூட்டத்தில் தூங்குவதைத் தவிர வேறு குறை இல்லாதவர். செயலாளர் யார் என்று சொல்லவும் வேண்டுமோ?

சங்கத்துக்கு விதிகள் பதினொன்று. உயிர்நாடி ஏழாவது விதி: எந்த வியாபாரியிடமும் நன்கொடை வாங்கக் கூடாது, கடையில் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. ஒரு சமயம் நூல்கண்டு ஒன்றில் நூறு கஜம் இருக்கிறதா என்று பார்க்க, நொச்சிக்குப்பம் கடற்கரையில் ஒரு கட்டுமரத்தில் முனையைக் கட்டி, முழுக் கண்டையும் மணலில் இழுத்துக்கொண்டே போனார் ராஜநாயகம்.

"இன்னா வாத்யாரே, இந்த நூலுக்கு இன்னா மீனு மாட்டும்?" என்று கேட்டார்கள் குப்பத்துக்காரர்கள்.

"மில்லுக்காரன் மாட்டுவான்" என்றார்.

மாட்டினான். இரண்டரைக் கஜம் குறைவு. மூன்று கடிதங்களுக்குப் பிறகு, வருத்தம் தெரிவித்துப் புதிய கண்டு ஒன்றை இலவசமாக அனுப்பினார்கள். ஏழாவது விதிப்படி அதைத் திருப்பி அனுப்பினார். அனுப்புமுன் அளக்காமல் இருக்க முடியுமா? நூறு கஜமும் ஒரு முழமும் இருந்தது. 'கூடுதலாக இருப்பதும் தவறான அளவே' என்று நாலாவது கடிதம் போயிற்று.

இனி அந்தப் படிக்கு வருவோம்.

பித்தளைப் படி. எட்டு ஆழாக்குப் பிடிக்கும் பட்டணத்துப் படி. அடியில் விரற்கடை உயரத்துக்கு வளையம் வைத்து வார்த்தது. 1944 ஜனவரியில் சர்க்கார் முத்திரை குத்தியது. கூடவே, தானியத்தைத் தலைதட்டுவதற்கு ஓர் இரும்புக் கோல். இரண்டையும் காக்கிப் பையில் போட்டுக்கொண்டு அவர் கச்சேரி ரோட்டில் திரும்பினால், கடைகளில் பேச்சு நின்றுவிடும். வாங்கிய அரிசியைக் கடை வாசலிலேயே தம் படியில் கொட்டுவார். கோலால் தலைதட்டுவார். குறைந்தால் குறிப்பேட்டில் எழுதுவார். நிறைந்தாலும் எழுதுவார், சற்று மெதுவாக.

அந்தப் படிக்கு இன்னோர் உத்தியோகமும் இருந்தது. சங்கத்துக்கு மணி கிடையாது. நன்கொடை வாங்காத சங்கத்துக்கு மணி எங்கிருந்து வரும்? ஆகவே கூட்டம் தொடங்கும்போது செயலாளர் படியை மேஜைமேல் வைத்து, இரும்புக் கோலை உள்ளே விட்டு, அடிப்பாகத்தில் ஓங்கி மூன்று குத்துக் குத்துவார். டங், டங், டங். முடியும்போதும் மூன்று. நடுவே, அமைதி வேண்டியும் ரகுபதியை எழுப்ப வேண்டியும், சராசரியாக ஒன்பது. கூட்டத்துக்குப் பதினைந்து குத்து. மாதம் இரண்டு கூட்டம். ஒவ்வொரு குத்தும் நடவடிக்கைக் குறிப்பில் ஏறியது.

வருஷங்கள் ஓடின. யுத்தம் முடிந்தது, ரேஷன் முடியவில்லை. ராஜநாயகத்தின் குறிப்பேடுகள் பெருகின. அவற்றிலிருந்து பயங்கரமான ஓர் உண்மை மெல்லத் தலைகாட்டியது. 1944இல் ஏறக்குறைய எல்லாக் கடைகளிலும் அளவு சரி. 1945 நடுவில் படிக்கு அரைக்கால் ஆழாக்குக் குறைவு. 1946 ஆடியில், மயிலாப்பூர் முதல் அடையாறு வரை பதினான்கு கடைகளிலும் கால் ஆழாக்குக் குறைவு. அவர் கட்டம் போட்ட காகிதத்தில் கோடு வரைந்தார். அது மாடிப்படி போலக் கீழே இறங்கியது. 'வட்டார வியாபாரிகளின் நாணயம்: ஒரு வீழ்ச்சி' என்று சிவப்பு மையில் தலைப்பிட்டு ஐந்தாம் வகுப்புச் சுவரில் மாட்டினார். பார்த்தவர்கள் நெடுமூச்சு விட்டார்கள். யுத்தம் மனிதனை எப்படிக் கெடுத்துவிட்டது பாருங்கள் என்றார்கள். நீங்களும் அன்று அங்கே இருந்திருந்தால் அதையேதான் சொல்லியிருப்பீர்கள்.

நூற்றெண்பத்தேழாவது புகார், கச்சேரி ரோட்டு ரேஷன் கடை வலியுல்லாவின்மேல் எழுதப்பட்டது. இருநூற்றுப் பதினான்கு கார்டு உள்ள கடை. சோதனை அதிகாரி ஆகஸ்ட் இருபத்து நாலாம் தேதி சனிக்கிழமை வருவதாகப் பதில் வந்தது. குற்றம் ருசுவானால் லைசென்ஸ் ரத்து.

வலியுல்லா வீடு தேடி வந்தார். கையில் அந்த வருஷத்து முத்திரை குத்திய அவருடைய படி.

"சார், கடை போச்சுன்னா ஊட்ல ஒம்போது பேரு தெருவுல நிக்கணும். அல்லா மேல ஆணையா நான் கொறச்சுப் போட்டதில்ல. இந்தாங்க என் படி. கடையில இன்னொண்ணு கீது. சனிக்கெழம வரைக்கும் இது ஒங்ககிட்டயே இருக்கட்டும், நல்லாப் பாருங்க."

ராஜநாயகம் அதை வாங்கிக்கொண்டு ரசீது எழுதிக் கொடுத்தார். அவர் போனதும் அரிசி கொட்டி, தம் படியோடு ஒத்துப் பார்த்தார். கால் ஆழாக்குக் குறைந்தது. 'முத்திரை குத்திய பிறகு உள்பக்கம் தட்டிச் சுருக்கியிருக்கிறார்' என்று குறித்தார்.

"பாயைப் பாத்தா அப்டித் தெரியலியேங்க" என்றாள் ஐரின்.

"முகத்தப் பாத்து அளக்கறதுக்கு நான் என்ன போட்டோ புடிக்கிறவனா?"

ஆகஸ்ட் பதினெட்டாம் தேதி அறுபத்திரண்டாவது கூட்டம். சனிக்கிழமை அதிகாரியிடம் யார் யார் சாட்சி சொல்வது என்பது விஷயம். மேஜைமேல் சங்கத்துப் படி; பக்கத்தில், குற்றவாளிக் கூண்டில் நிற்பதுபோல், வலியுல்லாவின் படி. ராஜநாயகம் டங் டங் டங் என்று குத்தினார். பின் வரிசையில் ஜைதூன் பீ காதைப் பொத்திக்கொண்டாள்.

ஜைதூன் பீ வீடு வீடாகப் போய் மிளகாயும் மஞ்சளும் இடித்துக் கொடுப்பவள். சங்கத்தில் பயமில்லாத ஒரே அங்கத்தினர்.

"வாத்யாரே, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளும்மா."

"திருடறவன்ல ஒருத்தன் துணிஞ்சு நெறையத் திருடுவான். ஒருத்தன் பயந்துகினு துளியூண்டு திருடுவான். பதினாலு கடையும் கால் ஆழாக்குன்னு சொல்லி வெச்சாப்ல எப்டித் திருடும்?"

"அதான் கூட்டுச் சதி. எல்லாரும் பேசி வச்சிக்கிட்டுச் செய்யிறாங்க."

"எங்கேந்து பேசறது? அடையாத்துக் கடைக்காரரு யாரு, வலியுல்லா பாயோட சம்பந்தி. கல்யாணத்துல பிரியாணி பத்தலன்னு சண்ட போட்டுக்கினு ரெண்டு வருசமா மூஞ்சியே பாக்கறதில்ல. அவரோட போயி இவரு சதி பண்ணாராக்கும்?"

யாரோ சிரித்தார்கள். ராஜநாயகம் கோலை எடுத்து மறுபடி மூன்று குத்துக் குத்தினார்.

"தோ பாரு, மறுபடியும் இடிக்கிறே" என்றாள் ஜைதூன் பீ. "இருவது வருசமா இடிக்கிறவ நானு. என் ஒரலு இம்மாம் பள்ளமாப் போயிடுச்சு. கல்லே போவுது வாத்யாரே. ஒன்னுது பித்தள. இரும்பப் போட்டு இந்த இடி இடிக்கிறியே, அது இன்னா ஆவும்?"

அறையில் அதுவரை எந்தக் குத்துக்கும் வராத அமைதி வந்தது. ரகுபதிகூட விழித்துக்கொண்டார். ராஜநாயகம் படியை இரண்டு கைகளாலும் எடுத்துக் கவிழ்த்தார். மேஜைமேல் நிற்கும்போது வளையம் மறைத்திருந்தது இப்போது தெரிந்தது. அடிப்பாகம், பொரித்த அப்பளம்போல, வெளியே உப்பிக்கொண்டிருந்தது.

"புடைச்சிண்டிருக்கே ஓய். கால் ஆழாக்கு கூடன்னா பிடிக்கும்!" என்றார் ரகுபதி.

ராஜநாயகம் சுவரில் இருந்த காகிதத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். முப்பத்திரண்டு வருஷம் பையன்களுக்கு அவர் சொன்னது ஒன்றே ஒன்று: கழிப்பதற்கு முன், எதிலிருந்து கழிக்கிறாய் என்று பார். கடைக்காரர்கள் வருஷா வருஷம் முத்திரை புதுப்பிக்க வேண்டும் என்று அறுபது கடிதம் எழுதியவர், தம் படியை ஒரு தரமும் கொண்டுபோகவில்லை. விற்கிறவனுக்குத்தானே முத்திரை?

ரகுபதி அருகே வந்து தணிந்த குரலில் சொன்னார். "பதறாதீர். பாய் மேல குடுத்த மனுவை வாபஸ் வாங்கிண்டுட்டாப் போறது. இது நம்ம ஏழு பேரோட இருக்கட்டும். வெளில தெரிஞ்சா சங்கத்தை எவன் மதிப்பான்? எங்காத்துலயே சிரிப்பா."

"வாபஸ் வாங்க என்ன காரணம் எழுதறது?"

"காரணம் எதுக்கு?"

"காரணம் இல்லாத மனுவ இந்தச் சங்கம் இதுவரைக்கும் எடுத்துக்கிட்டதில்ல ரகுபதி" என்று சொல்லி, ராஜநாயகம் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். கூட்டம் மணியில்லாமலே கலைந்தது.

புகார் எண் 188. பிரதிவாதி: லூ. ராஜநாயகம், செயலாளர். குற்றம்: பொய்யளவு வைத்திருந்தது. காரணம்: 927 குத்து. அதிகாரிக்கு ஒரு பிரதி, பதினான்கு கடைகளுக்கும் பதினான்கு பிரதி. ஏழு நாளில் விளக்கம் தரும்படி செயலாளர் தமக்கே நோட்டீசு அனுப்பினார். விளக்கம் மூன்றே நாளில் வந்தது. செயலாளருக்கு அது திருப்தி அளிக்கவில்லை.

"யாருக்குங்க இவ்வளவு காரமா எழுதறீங்க?" என்றாள் ஐரின்.

"அந்த ஆளுக்கு இது போதாது" என்றார்.

சோதனை ரத்தாயிற்று. சுவரிலிருந்த காகிதத்தை அவர் கிழிக்கவில்லை. கோடு சரியான கோடு; தலைப்புத்தான் தப்பு. அதை அடித்துவிட்டு, 'ஒரு படியின் அடி இறங்கிய வரலாறு' என்று எழுதினார். கடை கடையாகப் போய் மன்னிப்புக் கடிதம் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார். கடைசியாகக் கச்சேரி ரோடு.

வலியுல்லா கடிதத்தைப் படித்து, மடித்து, சட்டைப்பையில் வைத்தார். "போவுது விடுங்க சார். ஒக்காருங்க. ஒரு டீ சாப்புடுங்க."

"ஏழாவது விதி, பாய்."

"விதி சோதன போட வர்றவங்களுக்குத்தானே? நீங்க இன்னிக்கு மன்னிப்பு கேக்க வந்துகீறீங்க. அதுக்கு விதி கீதா?"

ராஜநாயகம் யோசித்தார். பதினொரு விதிகளையும் மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தார். அப்படி ஒரு விதி இல்லை. உட்கார்ந்தார். டீ வந்தது. கிளாஸில் முக்கால் அளவுதான் இருந்தது. பார்த்தார். கை குறிப்பேட்டுக்குப் போயிற்று. பிறகு கையைத் திருப்பிக்கொண்டு, முழுவதையும் குடித்தார்.

இந்த இனம் இத்தோடு திருந்திவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அங்கத்தினர்கள் சந்தா போட்டு, அரை வீசை எடை என்று சொன்ன ஒரு வெண்கல மணி வாங்கினார்கள். அது ஒன்றரைப் பலம் குறைந்தது. புகார் எண் 189.

போகட்டும். உங்களிடம் ஒரு கேள்வி. சற்று முன்னே 927 குத்து என்று படித்தபோது, கூட்டத்துக்குப் பதினைந்து, அறுபத்திரண்டு கூட்டம், 930 அல்லவா வரவேண்டும், எழுதியவர் மூன்றை விழுங்கிவிட்டார் என்று உங்களுக்குத் தோன்றியதா? மேலே திரும்பிப் போய்ப் பார்த்தீர்களா? கையில் பென்சில்கூட வந்துவிட்டதோ?

கடைசிக் கூட்டம் மணியில்லாமல் கலைந்தது, ஐயா. முடிவுக்குரிய மூன்று குத்து அன்று விழவில்லை. கணக்குச் சரி. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, உங்கள் வீட்டுப் படியைக் கொஞ்சம் கவிழ்த்துப் பாருங்கள்.