ரங்கசாமி அண்ணன் பசுவுக்கு ஃபுல் ஏ பிளஸ்

நான் ஒரு காலத்தில் ஃப்ளெக்ஸில் இருந்தவள். இன்று இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. அன்று கொஞ்சமும் இருந்ததில்லை. எங்கள் பாலக்காட்டுக் கிழக்குச் சீமையில் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுவாரம் எந்த முக்கில் நின்றாலும் பிள்ளைகளின் முகங்கள்தான் தொங்கும். எல்லாப் பாடத்திலும் ஏ பிளஸ் வாங்கினால் அது ‘ஃபுல் ஏ பிளஸ்’. ஃபுல் ஏ பிளஸ் வாங்கினால் ஃப்ளெக்ஸ். கீழே ‘அபிநந்தனங்கள்’ என்று கொட்டை எழுத்தில் வாழ்த்து. பக்கத்திலேயே, நம் முகத்தைவிடப் பெரிதாக, ஃப்ளெக்ஸ் வைத்த பஞ்சாயத்து மெம்பரின் முகம். நானும் அப்படி இரண்டு மாதம் நல்லேப்பிள்ளி ரோட்டில் மழையில் நனைந்துகொண்டே சிரித்தேன். அந்தச் சிரிப்பு அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மண்டைக்குள் ஏறிவிட்டது.

பிறகு பி.எஸ்ஸி. புள்ளியியல் படித்தேன். எங்கள் காலத்தில் தர சராசரி நாலுக்குக் கணக்கு. நான் 3.78. ஒரு மனிதரைப் பற்றித் தெரிந்துகொள்ள அவருடைய சராசரியைக் கேட்டாலே போதும் என்று மனதார நம்பினேன். (என்னைப் பெண் பார்க்க வந்த ஒரு மாப்பிள்ளையிடம் நானே கேட்டேன். அவர் காபியைக்கூடத் தொடாமல் எழுந்து போனார்.)

அப்படியொரு அறிவுக்கொழுந்துக்கு வேலை கிடைத்தது எங்கள் ஊர்ப் பால் சொசைட்டியில். ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். நல்லேப்பிள்ளி தாண்டிக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லைக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது என்பதோடு விட்டுவிடுகிறேன். காலையும் மாலையும் ஜனங்கள் கொண்டுவரும் பாலை மிஷினில் வைத்து, ஃபேட் எவ்வளவு, அதாவது கொழுப்பு எவ்வளவு, மற்ற சத்து எவ்வளவு என்று எழுத வேண்டும். ஆறு மாதத் தற்காலிக வேலை. அதற்குப் பிறகு நிர்வாகக் கமிட்டிக்குப் பிடித்தால் நிரந்தரம். எத்தனையோ நேர்முகத் தேர்வுகளுக்குப் போய் வந்தவள் நான். இதையும் விட்டால் வேறு கதி இல்லை. வீட்டில் அப்பா, “ஆறு மாசங் கழிச்சு என்ற புள்ள பெர்மனென்டுங்க” என்று ஊரெல்லாம் சொல்லி முடித்திருந்தார்.

முதல் நாள் செக்ரட்டரி பழனிச்சாமி அண்ணன் என் சான்றிதழைக் கண்ணாடிக்கு அருகே வைத்துப் பார்த்தார்.

“3.78-ங்களா அம்முணி?”

“ஆமாங்க.” நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

“சுமார்தான். போச்சாது, தீனி மாத்துனா ஏறும்” என்றார்.

(நாள் முழுக்கப் பால் ஃபேட்டோடு புழங்குகிற மனிதர். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.)

கமிட்டியை அசத்த வேண்டும் என்று மூன்றாவது மாதம் எனக்கொரு யோசனை தோன்றியது. மாடுகளுக்கு கிரேடு போட்டால் என்ன? யாரும் இதுவரை செய்ததில்லை. ஏன் செய்யவில்லை என்று யோசித்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. ஐந்து பாடங்கள் வைத்தேன். ஃபேட்டுக்கு மூன்று கிரெடிட், மற்ற சத்துக்கு மூன்று, பாத்திரச் சுத்தத்துக்கு இரண்டு, நேரம் தவறாமைக்கு நான்கு, ஒரு நாளும் விடாமல் ஊற்றுவதற்கு நான்கு. பாலைவிட நேரத்துக்கும் வருகைக்கும் ஏன் அதிகம் என்றால், என்னுடைய 3.78-இல் பெரும்பங்கு அப்படித்தான் வந்தது. நான் கண்ட உலகம் அவ்வளவுதான்.

பட்டியலைச் சொசைட்டி நோட்டீஸ் போர்டில் ஒட்டினேன். முதலிடம், ரங்கசாமி அண்ணனின் பசு லட்சுமி. ஐந்து பாடத்திலும் ஏ பிளஸ். கடைசி இடம், பொன்னாத்தா அக்காவின் கறுப்பு மாடு. டி.

பொன்னாத்தா அக்காவுக்கு ஒரே மாடு. வாய்க்கால் வரப்பில் இரண்டு மைல் நடந்து வருவார். தினமும் நான் ஷட்டரை இறக்கப் போகும் நேரத்தில்தான் அவர் பால் தூக்குப்போசி தெரியும். பட்டியலை யாரோ படித்துக் காட்ட, நேரே என் ஜன்னலுக்கு வந்தார்.

“ஏனம்முணி, என்ற மாட்டுக்கு டி-யா?”

“தெனமும் லேட்டா வர்றீங்கக்கா.”

“லேட்டா வர்றது நானு. எனக்கு வேணும்னா டி போடு. மாடு என்ன பண்ணுச்சு?”

“இருபது நாள் பாலே ஊத்தல.”

“கன்னுப் போட்டுச்சு அம்முணி! கன்னுப் போடறதுக்கு லீவு கெடையாதா?”

கன்று போடுவது என் பாடத்திட்டத்தில் இல்லை. அதனால் புள்ளியியல் பேசினேன். “நீங்க தனித்தனியாப் பாக்குறீங்க, நான் மொத்தமாப் பாக்கறேன்” என்றேன். பொன்னாத்தா அக்கா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, போசியை எடுத்துக்கொண்டு போனார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். அந்த வயதில் எனக்கு அப்படியொரு திமிர்.

ரங்கசாமி அண்ணனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மொபெட்டின் பின்னால் கேனைக் கட்டிக்கொண்டு, நான் ஷட்டர் தூக்கும்போதே வந்து நிற்பார். ஃபேட் நாலு. மறுநாளும் நாலு. மழையிலும் நாலு, கோடையிலும் நாலு. ஒரு நாள் 3.9 வந்தபோது அவரைவிட எனக்குத்தான் வருத்தமாகிவிட்டது. அவர் வீடு சொசைட்டிக்கு மேற்கே இருக்கிறது, ஆனால் தினமும் கிழக்கேயிருந்து வருகிறார் என்பதை நான் கவனிக்காமல் இல்லை. உடற்பயிற்சி என்று நினைத்துக்கொண்டேன்.

என் கிரேடு விஷயம் கமிட்டிக்கு ஏகத்துக்கும் பிடித்துவிட்டது. சொசைட்டியின் பொதுயோகத்தில், அதாவது ஆண்டுக் கூட்டத்தில், சிறந்த பசுவுக்கு மாலை, மொமென்டோ என்று முடிவானது. மாவட்டத்திலிருந்து பால்துறை ஆபீசர் மேடம் வருகிறார். அன்றே என் வேலையும் நிரந்தரமென்று மேடையில் அறிவிப்பதாகப் பழனிச்சாமி அண்ணன் காதோடு சொன்னார். அப்பா புது வேட்டி எடுத்தார்.

ஃப்ளெக்ஸ் இல்லாமல் ஃபுல் ஏ பிளஸ் உண்டா? லட்சுமியின் போட்டோ கேட்டேன். ரங்கசாமி அண்ணன் மூன்று நாள் இழுத்தடித்து வாட்ஸ்அப்பில் ஒன்று அனுப்பினார். தவிட்டு நிறமும் வெள்ளையுமாக, கழுத்தில் பெரிய மணியோடு, மகாலட்சுமியே அவதரித்தது போல ஒரு பசு. பின்னால் மரவீடு. அதற்கும் பின்னால், மேகத்தைத் தொடும் பனிமலை.

“இது எங்கீங்கண்ணா எடுத்தது?”

“மூணாறுங்க அம்முணி.”

“மாட்டக் கூட்டிட்டு மூணாறு போனீங்களா?”

“அதுக்கும் மனசு ஆறணுமல்லங்க” என்றார்.

நான் நெகிழ்ந்துபோனேன். மாட்டை டூர் கூட்டிப்போகும் மனிதருக்கு ஏ பிளஸ் கிடைக்காமல் வேறு யாருக்குக் கிடைக்கும்? (மூணாறில் மாட்டின் பின்னால் அப்படியொரு பனிமலை கிடையாது என்பது, அதே இடுக்கி மாவட்டத்தில் எஸ்டேட்டில் சித்தி இருக்கும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.)

யோகத்தன்று மூன்று மணிக்கு முற்றம் நிறைந்துவிட்டது. மேடையின் பின்னால் எட்டடிக்குப் பனிமலை. மேடம் வந்து உட்கார்ந்து, ஃப்ளெக்ஸைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பசுவைக் கொண்டுவரச் சொன்னார்.

ரங்கசாமி அண்ணன் எழுந்து, “அதுக்குக் கூட்டம்னா ஆவாதுங்க மேடம், நானே மாலய வாங்கிக்கறனுங்க” என்றார்.

பசுவைப் பார்க்காமல் மாலையில்லை என்று மேடம் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். ரங்கசாமி அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாய்க்கால் பக்கமாக ஓடினார். பத்து நிமிடத்தில், வர மறுக்கும் ஒரு மாட்டை இழுத்துக்கொண்டு வந்து மேடையில் ஏற்றினார். கன்னங்கரேலென்று ஒரு மாடு. ஒரு கொம்பு வளைந்து காதைக் குத்திக்கொண்டிருந்தது. எங்கேயோ பார்த்த முகமாக எனக்குப் பட்டது, ஆனால் நான் பாலைத் தவிர எதையும் பார்த்துப் பழகியவளில்லை.

மேடம் மாட்டைப் பார்த்தார். ஃப்ளெக்ஸைப் பார்த்தார். “போட்டோவில் வேறே நிறமல்லே?”

“வெயில்ல கறுத்துப்போச்சுங்க மேடம்” என்றார் ரங்கசாமி அண்ணன்.

கூட்டத்தில் பாதிப்பேர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். சந்தோஷத்தில் என்று நினைத்தேன். மைக்கைப் பிடித்து லட்சுமியின் கிரேடுகளை வாசிக்கத் தொடங்கினேன். “ஃபேட், ஏ பிளஸ். பாத்திரச் சுத்தம், ஏ பிளஸ். நேரம் தவறாமை, ஏ பிளஸ்…” மேடம் மாலையைப் போட்டார். மாடு அதைத் தின்னத் தொடங்கியது. கைதட்டல்.

அப்போதுதான், வழக்கம்போல் தாமதமாக, பொன்னாத்தா அக்கா வேர்க்க விறுவிறுக்க உள்ளே நுழைந்தார். “வரப்புல கட்டியிருந்த மாட்டக் காணோமுங்க, ஆராச்சும் பாத்தீங்களா…” என்று சொல்லிக்கொண்டே வந்தவர் மேடையைப் பார்த்து நின்றுவிட்டார். அடுத்து அவர் போட்ட சத்தம் மைக் இல்லாமலே எல்லைக்கு அந்தப் பக்கம்வரை கேட்டிருக்கும்.

“ஐயோ! அது என்ற டி-ங்க!”

குரலைக் கேட்டதும் மாடு துள்ளியது. மாலையோடு, மொமென்டோ வைத்திருந்த மேஜையைத் தள்ளிவிட்டு, மைக் ஒயரைக் காலில் மாட்டி இழுத்துக்கொண்டு, நேராகப் பொன்னாத்தா அக்காவிடம் போய் நின்று அவர் தோளை நக்கியது. ஒயரின் மறுமுனையில் மைக்கை விடாமல் பிடித்திருந்த நானும் பாதி தூரம் போனேன். (மைக் சொசைட்டிச் சொத்து. விட மனம் வரவில்லை.)

மேடம் எழுந்து நின்றார். சிரிக்கவில்லை. “அப்போ, ஏ பிளஸ் பசு எவிடே?”

ஏ பிளஸ் மாடு எங்கே? ரங்கசாமி அண்ணன் கையைக் கட்டிக்கொண்டார்.

“எனக்கு மாடே இல்லீங்க மேடம். அக்கட்ட, தமிழ்நாட்டுப் பக்கம் எட்டு ஊட்டுல வாங்கி, கேன்ல ஒண்ணாக் கலக்கி ஊத்தறனுங்க. இங்க எல்லாருக்கும் தெரியுமுங்களே!”

எல்லாருக்கும் தெரிந்துதான் இருந்தது. மிஷினுக்கும் எனக்கும்தான் தெரியாது. பழனிச்சாமி அண்ணன்கூட, லிட்டர் ஏறுகிறதே என்று கண்டும் காணாமல் இருந்திருக்கிறார். மேடம் என்னைப் பார்த்து, மாதக்கணக்கில் ஒரே அளவு, ஒரே ஃபேட், சந்தேகமே வரவில்லையா என்று கேட்டார்.

“இல்லீங்க மேடம். ரொம்ப ஒழுக்கமான மாடுன்னு நெனச்சேன்.”

எட்டு வீட்டு மாடுகளின் பாலைக் கலந்தால் நாலு வராமல் என்ன செய்யும்? உயிருள்ள மாடு என்றால் கன்று போடும், காய்ச்சல் வரும், ஒரு நாள் தீனி சரியில்லாமல் முரண்டு பிடிக்கும், எண்கள் ஏறி இறங்கும். மூன்று வருடம் சராசரியைப் பற்றியே படித்த நான், ஒரு சராசரிக்கே முதல் பரிசு கொடுத்து மாலையும் போட வைத்திருந்தேன். கூட்டம் சிரித்த சிரிப்பில் எனக்கு அழுகை வந்தது. அப்பா மட்டும் சிரிக்கவில்லை. புது வேட்டியின் கரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதுதான் இன்றும் வலிக்கிறது.

எங்கள் பக்கத்தில் ஒருவரை வேலையிலிருந்து நீக்குவதுகூட மரியாதையாகத்தான் நடக்கும். மறுநாள் பழனிச்சாமி அண்ணன், “நீங்க நெம்பப் படிச்சவங்க அம்முணி. உங்களுக்கு இந்தச் சொசைட்டி பத்தாதுங்க” என்றார். அவ்வளவுதான் என் நிரந்தர வேலை.

அன்று மாலை பொன்னாத்தா அக்கா வீட்டுக்கு வந்தார். திட்ட வந்திருக்கிறார் என்று உள்ளே ஒளிந்துகொண்டேன். “போர்டுல இருக்கிற டி-ய அழிச்சுக் குடு அம்முணி. ஊர்ல மாட்டக் கேலி பேசறாங்க” என்றார். எனக்கு அதிகாரமே போய்விட்டது என்றேன். “அதனாலென்ன, நீதான எழுதுனே” என்றார். நியாயம்தான். நோட்டுக் காகிதத்தைக் கிழித்து, ‘இந்த மாட்டுக்கு ஃபுல் ஏ பிளஸ்’ என்று எழுதி, கீழே என் பெயரும் 3.78-உம் போட்டுக் கொடுத்தேன். வாழ்க்கையில் நான் போட்டதிலேயே சரியான கிரேடு அதுதான்.

இப்போது ஒரு கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறேன். விதி என் கையிலேயே கிரேடு போடும் வேலையைக் கொடுத்திருக்கிறது. வாளையாரிலிருந்து ஒரு பெண் வருகிறாள். செக்போஸ்ட் லாரி வரிசையில் பஸ் மாட்டிக்கொண்டு பாதிப் பீரியடுக்கு மேல்தான் நுழைவாள். வகுப்பில் எனக்குத் தெரியாத கேள்வியைக் கேட்பவள் அவள் ஒருத்திதான். வருகைக்கான மதிப்பெண்ணை விதிப்படி குறைத்துத்தான் போட வேண்டியிருக்கிறது. போடும்போது கை கூசுகிறது. இப்போது சராசரி பத்துக்குக் கணக்கு; யாராவது 9.8 என்று வந்து நின்றால் பாராட்டிவிட்டு, மனதுக்குள் எதற்கும் ஒருமுறை பனிமலை தெரிகிறதா என்று பார்த்துக்கொள்கிறேன்.

எங்கள் வீட்டில் இந்தக் கதைக்கு அழிவே இல்லை. டிவியில் எந்தக் கல்லூரி எத்தனையாவது இடம் என்று பெருமை பேசினாலும், சொந்தக்காரர் யாராவது மகனின் மார்க்கைச் சொன்னாலும், என் கணவர் அடிக்குரலில் “பசு எவிடே?” என்பார். அப்பாவும் இப்போது அதைச் சொல்லிச் சிரிக்கிறார். அவர் சிரிக்க நாலு வருடம் பிடித்தது.

போன மாதம் நாலாம் வகுப்புப் படிக்கும் என் மகள் கிரேடு கார்டை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். நீட்டு என்றேன். கணக்கில் சி. புள்ளியியல்காரியின் மகள் கணக்கில் சி! வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

“அம்மா, திட்டாதே. இது நெசமான மாடும்மா.”

நான் பேனாவைத் தேடி எடுத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.