அமரர் காத்தான் நினைவு இருக்கை

மனித நாகரிகம் நெருப்பில் தொடங்கியது என்று சிலரும் சக்கரத்தில் தொடங்கியது என்று சிலரும் எழுதிவைத்திருக்கிறார்கள். இரண்டுமே தவறு. நாகரிகம் தொடங்கியது இருக்கையில். மனிதன் என்றைக்கு ஓரிடத்தில் உட்கார்ந்து, எதிரே நிற்பவனைப் பார்த்து, "பரிசீலிக்கிறோம்" என்று சொன்னானோ, அன்றைக்குத்தான் அவன் விலங்குகளிடமிருந்து பிரிந்தான். வெண்ணந்தூர் வட்டாரத்தில் இந்த உண்மையை முழுதாக உணர்ந்த ஒரே அமைப்பு எங்கள் உழவர் குழு. அதன் செயலாளர் என்ற முறையில், ஒரு டிராக்டர் சீட்டை நாங்கள் பழுதுபார்த்த வரலாற்றை வருங்காலத்தின் நன்மைக்காகப் பதிவு செய்கிறேன்.

டிராக்டர் குழுவுக்குச் சொந்தம். ஊரில் யார் காட்டுக்கு உழவு வேண்டுமானாலும் அதுதான் போகும். ஓட்டுவது அனிதா. அவள் புருஷன் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு வடக்கே போனவன்; மாரியம்மன் நோம்பிக்கு மட்டும் தலைகாட்டுவான். வண்டி ஓடினால்தான் அனிதாவுக்குக் கூலி.

சீட் கிழிந்த விதமும் சாதாரணமானதல்ல. ஆயுத பூஜையன்று எங்கள் தலைவர் மாதேஸ்வரன் டிராக்டரில் ஏறி உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டார். அவருடைய பேண்ட்டின் பின்பாக்கெட்டில் குழு அலுவலகத்தின் சாவிக்கொத்து இருந்தது. தலைவர் என்பவர் சாவியைப் பிரியாமல் இருப்பது பொறுப்புணர்ச்சி. அந்தப் பொறுப்புணர்ச்சி ரெக்சினுக்குள் விரல் நீளத்துக்கு இறங்கியது.

விரல் நீளம் சாண் ஆயிற்று, சாண் முழம் ஆயிற்று. உள்ளே இருந்த ஸ்பாஞ்ச் எட்டிப் பார்த்தது. ஒரு மழை பெய்தால் ஸ்பாஞ்ச் ஒரு குடம் தண்ணீரைக் குடித்துவிட்டு ஒன்றும் தெரியாததுபோல் இருக்கும். மேலே ஆள் உட்கார்ந்ததும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்கும். எங்கள் குழுவில் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தது அது ஒன்றுதான்.

அனிதா காலையில் ஏறினால் பொழுது சாயும்வரை ஈரத்தில் உட்கார்ந்திருப்பாள். உரச் சாக்கை விரித்துப் பார்த்தாள். வரப்பு ஏறும்போது சாக்கு வழுக்கி, ஆளையும் சேர்த்து இழுத்தது. தொடையெல்லாம் புண். இறங்கினால் பின்பக்கம் முழுக்க நனைந்திருக்கும். டீக்கடையில் நிற்க வேண்டி வந்தால் இடுப்பில் துண்டைச் சுற்றிக்கொண்டு, சுவரோடு முதுகை ஒட்டி நின்று டீ குடிப்பாள். அவளுடைய இந்த அடக்கத்தை நான் பல கூட்டங்களில் பாராட்டிப் பேசியிருக்கிறேன்.

ஒருநாள் அலுவலக வாசலில் வந்து நின்றாள். "ஏனுங்ணா, செவ்வாய்ப்பேட்டையில ஒரு மத்தியானத்துல தெச்சுக் குடுத்துருவாங்க. நானே கழட்டிக்கிட்டுப் போயிட்டு வாரேன்" என்றாள்.

அவசரம்! நாட்டைக் கெடுப்பது இதுதான்.

"கூட்டத்துல வெக்கோணும் அம்மிணி" என்றேன்.

கூட்டத்தின் முதல் சிக்கல் மொழிச் சிக்கல். நனைவது எது என்பதை ஒரு சபையில் எப்படிச் சொல்வது? ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு இருமினோம். கடைசியில் 'ஓட்டுநரின் பின்புலம்' என்ற சொல்லை நான் முன்மொழிந்தேன். பலத்த கைதட்டல். ஓட்டுநரின் பின்புலம் பாதிக்கப்பட்டிருப்பதைக் குழு 'ஆழ்ந்த கவலையுடன்' கவனத்தில் எடுத்துக்கொண்டது. கவனத்தில் எடுத்ததும் டீ வந்தது.

"அப்பொ குழுப் பணத்துல தெச்சுரலாங்களா?" என்று அனிதா கேட்டாள்.

தலைவர் அவளைப் பரிவோடு பார்த்தார். "குழுப் பணத்துல தெச்சா, உபயம்னு ஆரு பேரப் போடறது கண்ணு?"

நியாயமான கேள்வி. பெயர் போடாமல் ஒரு நல்ல காரியம் எங்கள் ஊரில் நடந்ததில்லை. பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் பெயர் உண்டு. மாரியம்மன் கோயில் மணியில் பெயர் உண்டு. சுடுகாட்டுத் தண்ணீர்க் குழாயில்கூட உண்டு. அங்கே படிக்க ஆளில்லை என்பது வேறு விஷயம். எனவே ஓர் உபயதாரரைத் தேடுவது என்று முடிவாயிற்று.

கிடைத்தவர் ரிக் முதலாளி நாச்சிமுத்து. தாராள மனம். அவருடைய தந்தை காத்தான் உயிரோடு இருந்தபோது அவர் பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருந்தது. காலமான பிறகு ஊரில் பாதிப் பொருள்களில் ஏறிவிட்டது.

"தெச்சுரலாம். ஆனா எங்கய்யா பேரு நாலு பேரு கண்ணுல படோணும்" என்றார் நாச்சிமுத்து.

"சாயற எடத்துல போட்டுரலாங்களா?" என்றார் தலைவர்.

"அம்மிணி முதுகு மறைச்சுப் போடுமே."

"அப்பொ உக்கார்ற எடத்துல?"

"அங்கயும் அம்மிணிதான் மறைக்கும்."

எப்பக்கம் பார்த்தாலும் இந்தத் திட்டத்துக்குத் தடையாக இருப்பது ஓட்டுநர்தான் என்பது தெளிவாயிற்று.

"அம்மிணி நின்னுக்கிட்டே ஓட்டுனா என்னங்க?" என்றார் நாச்சிமுத்து. "அந்தக் காலத்துல ஏரு ஓட்டுனவங்கெல்லாம் நின்னுக்கிட்டுத்தான ஓட்டுனாங்க?"

வாசலில் இருந்து அனிதா கேட்டாள்: "கிளச்ச எதுலீங்க மிதிக்கறது, கையிலயா?"

சீட்டை நாங்களே செவ்வாய்ப்பேட்டைக்குக் கொண்டுபோனோம். லாரிக்கும் பஸ்ஸுக்கும் சீட் தைக்கும் நதீம் பாய் அதைத் திருப்பிப் பார்த்தார்.

"மறைக்குதுன்னு ஏன் கவலைப்படறீங்க? எல்லாப் பக்கமும் அடிச்சுருவோம். சாயற எடம், உக்கார்ற எடம், ரெண்டு சைடு. தங்கக் கலரு. ஒரு பக்கம் மறைஞ்சா இன்னொரு பக்கம் தெரியும். ஓரத்துல நம்ம கடை நம்பரைப் போட்டுக்கறேன், அதுக்குக் காசு வேணாம்" என்றார்.

அவரும் ஒரு வள்ளல்தான்.

சீட் வந்தது. கறுப்பு ரெக்சின், புது ஸ்பாஞ்ச், எங்கு நோக்கினும் 'உபயம்: அமரர் காத்தான் நினைவாக'. இத்தனை பெரிய சாதனையை விழா இல்லாமல் விடுவது முறையல்ல. 'மாபெரும் இருக்கை மறுசீரமைப்புப் பெருவிழா' என்று அலுவலக வாசலில் ஒரு பிளக்ஸ் வைத்தோம். அதன் செலவில் இன்னும் சில சீட்டுகள் தைத்திருக்கலாம் என்று பேசியவர்கள் வளர்ச்சிக்கு எதிரானவர்கள். மேல் மூலையில் அமரர் காத்தான், பக்கத்தில் ஒரு விளக்கு. இடப்பக்கம் தலைவர், வலப்பக்கம் நாச்சிமுத்து, நடுவில் மற்ற இருவரையும் விடச் சற்றே பெரிதாக நான். வடிவமைப்பைக் கவனித்தது நான்தான் என்பது தற்செயல். கீழே கண்ணாடி அறை வைத்த வெளிநாட்டு டிராக்டர் ஒன்று. அனிதாவின் படத்துக்கு இடம் போதவில்லை.

விழாவன்று தலைவர் ரிப்பன் வெட்டினார். நாச்சிமுத்து கண்கலங்கினார். நான் விரிவாகப் பேசினேன். பேச்சு முடிந்ததும் அனிதா துண்டை அவிழ்த்து ஸ்டியரிங்கில் போட்டுவிட்டு வண்டியில் ஏறினாள். புதுச் சீட்டை ஒருதரம் கையால் தடவிப் பார்த்தாள். அவள் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். உட்காரப் போனாள்.

"நிறுத்து அம்மிணி!" என்று நாச்சிமுத்து அலறினார். "எங்க உக்கார்றே?"

"சீட்டுலீங்க."

"எங்கய்யா பேரு மேலயா?"

பாதி உட்கார்ந்த நிலையிலேயே அனிதா எங்கள் மூவரையும் பார்த்தாள். "அப்பறம் எங்கீங்க உக்கார்றது?" என்றாள்.

அந்த இடத்திலேயே அவசரக் கூட்டம் நடந்தது. 'அமரர்களின் பெயர் மேல் எவரும் உட்காரக் கூடாது' என்று ஏகமனதாக முடிவு செய்து ஒலிபெருக்கியில் அறிவித்தோம். சீட்டைக் கழற்றி, அலுவலகத்தில் ஒரு மேசை மேல் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு மாலை போட்டோம். வெள்ளிக்கிழமைதோறும் ஊதுபத்தி. இன்றுவரை அதன் மேல் ஈ கூட உட்கார்ந்ததில்லை. கிழிந்த சீட் பழையபடி டிராக்டருக்குப் போயிற்று. அனிதா துண்டை எடுத்து இடுப்பில் சுற்றிக்கொண்டாள்.

ஆடியில் நல்ல மழை பெய்தது. கடலை போட வேண்டிய பருவம். ஈரம் காய்வதற்குள் உழுதாக வேண்டும். முதலில் உழ வேண்டியது என் காடு. ஆனால் அனிதா வண்டியை எடுக்கவில்லை. தேடிக்கொண்டு அவள் வீட்டுக்கே போனேன்.

"முடியாதுங்ணா. புண்ணு ஆறவே மாட்டேங்குது. உக்காந்தா எரியுது, படுத்தா எரியுது. சீட்டு காஞ்சாத்தான் வண்டி எடுப்பேன்" என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது. கோபமா வலியா என்று தெரியவில்லை.

"மழை ஈரம் போயிருமே அம்மிணி?"

"என்ர சீட்டு ஈரம் போக மாட்டேங்குதுங்களே."

'ஓட்டுநரின் ஒத்துழையாமை' குறித்து விவாதிக்க அடுத்த புதன்கிழமை கூட்டம் என்று அன்றைக்கே அறிவித்தோம். வேறென்ன செய்ய முடியும்?

மறுநாள் காலை என் காட்டுப் பக்கம் டிராக்டர் சத்தம் கேட்டது. கூட்ட அறிவிப்புக்கே இவ்வளவு சக்தி இருக்கிறது என்று பெருமைப்பட்டுக்கொண்டு புறப்பட்டேன். வழியில் அலுவலகத்தைத் தாண்டும்போது வாசலில் பிளக்ஸ் இல்லை. வெறும் சவுக்குச் சட்டம் நின்றது. காற்றில் போயிருக்கும் என்று நினைத்தேன்.

நான் போய்ச் சேர்வதற்குள் காட்டில் பாதியை உழுதுவிட்டு, வண்டியை டீக்கடையோரம் நிறுத்தியிருந்தாள் அனிதா. இடுப்பில் துண்டு இல்லை. சுவரோரமும் நிற்கவில்லை. நடு ரோட்டில், ஊருக்கே முதுகைக் காட்டிக்கொண்டு டீ குடித்தாள். உடுப்பில் ஒரு பொட்டு ஈரம் இல்லை.

"ரொம்ப சந்தோசம் அம்மிணி. சீட்டு காஞ்சுருச்சா?" என்றேன்.

"நீங்களே பாருங்ணா."

பார்த்தேன். கிழிந்த சீட்டின் மேல் எங்கள் பிளக்ஸ், மடித்து, சுருக்கமில்லாமல் இழுத்து, அடியில் கம்பி போட்டுக் கட்டப்பட்டிருந்தது. இடப்பக்க ஓரத்தில் தலைவரின் காது. வலப்பக்கம் நாச்சிமுத்துவின் மீசை. நடுவில், உட்கார்ந்து உட்கார்ந்து லேசாகக் குழிந்த இடத்தில், பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது என் முகம்.

"அம்மிணி, இது..."

"காத்தானய்யா படத்தப் பதனமாக் கத்திரிச்சு ஆபீஸுல வெச்சுட்டேனுங்ணா. அமரருங்க பேரு மேலதான உக்காரக் கூடாதுன்னு மைக்குல சொன்னீங்க? நீங்க மூணு பேரும் உசுரோடதானுங்களே இருக்கறீங்க?"

டம்ளரை வைத்துவிட்டு ஏறினாள். என் மேல் நன்றாக அழுந்தி உட்கார்ந்து, கிளட்ச்சை மிதித்து, மீதிக் காட்டை உழப் போனாள்.

குழு தொடங்கிய நாள்முதல் அனிதாவுக்கு என்னால் ஆன முதல் உதவி அது. என்னைக் கேட்டுக்கொண்டு செய்திருந்தால், ஒரு கூட்டம் போட்டு அதையும் தடுத்திருப்பேன்.