மூன்றாம் மாடியில் ஒரே ஒரு கோடு

ஜன்னலோரம் நின்றால் சிக்னல் ஒரு கோடு. கைபேசியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தால் இரண்டு. தோரில், அதாவது மரியாதைக்குரிய சம்பந்திகள் உட்கார வேண்டிய உள்சுவர் ஓரத்தில், ஒன்றுமே இல்லை.

தூர்தகுன் மண்டியிட்டு மறுபடியும் பார்த்தார். இல்லை. மணி பன்னிரண்டு. இரண்டு மணிக்கு அவர்கள் வந்துவிடுவார்கள்.

பனிமலை தெரிய வேண்டும் என்று விருந்தறையை மூன்றாம் மாடியில் கட்டியது அவர்தான். வைஃபை பெட்டியைத் தரைத்தளத்தில் செருப்பு அலமாரிக்கு மேல் மாட்டச் சொன்னதும் அவர்தான். "மேல வரைக்கும் நல்லாவே எடுக்குது" என்று ஆறு மாதமாக மனைவியிடம் சொல்லிவந்ததும் அவர்தான். சொல்லும்போதெல்லாம் காது சிவந்தது. பொய் சொன்னால் அவருக்குக் காது சிவந்துவிடும். கிர்கிஸ்தானின் பிஷ்கெக் நகரில் அவரைத் தெரிந்த எல்லோருக்கும் அது தெரியும்.

"சைராகுல், அவங்களைக் கதவுப் பக்கமா உட்கார வெச்சா என்ன?"

கனமான மெத்தை ஒன்றைச் சுமந்தபடி படியிறங்கிக்கொண்டிருந்த மனைவி நின்றாள். "தோர்ல உட்கார வேண்டியவங்களை வாசப்படியிலயா? டீயைத் தொடாமலே எழுந்து போயிடுவாங்க."

"அந்த மெத்தை எங்க போகுது?"

"நிலவறைக்கு. ஜாம் பாட்டிலுக்கெல்லாம் போர்த்தணும். இந்தக் குளிர்ல வெடிச்சிடும்."

ஜாமுக்கு இருக்கும் யோகம் தனக்கு இல்லை என்று அவருக்குத் தோன்றியது.

மகள் ஜிபார் சியோலில் வேலை பார்க்கிறாள். லீவு இல்லையாம். மாப்பிள்ளையின் அம்மா பெண்ணுக்குத் தோடு போட்டுவிட்டால்தான் சம்பந்தம் உறுதி. அதனால் தோட்டை முன்பே கொடுத்துவிட்டார்கள். இன்று ஜிபார் திரையில் அதைப் போட்டுக்கொள்வாள், இவர்கள் பார்த்து ஆசி சொல்வார்கள். புதன்கிழமை சைராகுல் அனுப்பிய தோடு வெள்ளிக்கிழமையே சியோல் போய்ச் சேர்ந்ததில் தூர்தகுனுக்குக் கூரியர்காரர்கள்மேல் பெரிய மரியாதை வந்திருந்தது.

போன வருடம் ஒரு சம்பந்தம் கூடிவந்து தட்டிப்போயிற்று. இதுவும் போனால் ஜிபார் தாங்க மாட்டாள். இந்தப் பையன் ஜோல்தோஷை அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. போதாததற்குப் போன மாதம், "கம்பெனியை மூடிடுவாங்க போலிருக்குப்பா" என்று வேறு சொல்லியிருந்தாள். பையனின் அம்மா பாக்திகுல்லோ, 'கொரியாவில் வேலை பார்க்கும் மருமகள்' என்று தெருத் தெருவாகச் சொல்லி வைத்திருந்தாள்.

"அது மட்டும் அவங்க காதுக்குப் போயிடக் கூடாது" என்று தூர்தகுன் மனைவியை எச்சரித்திருந்தார்.

"உங்க காதைப் பார்த்துக்குங்க முதல்ல" என்றாள் அவள்.

கைபேசிக் கடைக்காரன், வைஃபையை வாங்கி மேலும் தள்ளிவிடும் ஒரு எக்ஸ்டெண்டரைக் கொடுத்திருந்தான். "மூணு மாடியா? நடுவுல ஒரு பிளக்ல சொருகுங்கண்ணே, பிச்சுக்கும்." நடு மாடிப் படிக்கட்டில் பிளக் இல்லை. இருந்த ஒரே பிளக் தோரில், இரும்புப் பெட்டிமேல் சைராகுல் காலையிலிருந்து அடுக்கிய முப்பது மெத்தைகளுக்குப் பின்னால். பெண் வீட்டுக் கௌரவமே அந்த அடுக்குதான். கன்றுக்குட்டிக்குப் பிரசவம் பார்ப்பவரைப் போலத் தோள்வரை கையை விட்டுச் சொருகினார். கைபேசியில் கோடுகள் முழுசாக வந்தன.

மகளிடம் சொல்ல, பழக்கத்தில் தரைத்தளத்துக்கே ஓடி அவளைக் கூப்பிட்டார். படம் பளிச்சென்று வந்தது. பின்னால் வெள்ளைத் துணி, தலையில் ரோமத் தொப்பி.

"ரூமுக்குள்ள எதுக்கும்மா தொப்பி?"

"ஹீட்டர் ரிப்பேர்ப்பா. அப்பா, அந்தக் கீழ் மாடிப் பெட்டியை மட்டும் எதுவும் பண்ணிடாதீங்க."

"உங்கம்மாவும் அதையேதான் சொல்றா" என்றார்.

இரண்டு மணிக்குச் சம்பந்திகள் வந்தார்கள். பாக்திகுல்லும் அவள் கணவரும் தோரில் அமர்ந்தார்கள். காரோட்டி வந்த ஜோல்தோஷ், இளையவன் என்பதால் கதவோரம் உட்கார்ந்தான். லிஃப்ட் பழுதுபார்ப்பவன். கேட்டால் மட்டும் பேசுவான்.

தூர்தகுன் கைபேசியைச் சர்க்கரைக் கிண்ணத்தில் சாய்த்து வைத்து அழைத்தார். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

"கோடு முழுசா இருக்கே" என்றார் சம்பந்தி.

"எக்ஸ்டெண்டருக்கே கீழேருந்து வரலன்னா அது எதை அனுப்பும் மாமா?" என்றான் ஜோல்தோஷ் மெதுவாக.

எக்ஸ்டெண்டரைக் கதவுப் பக்கம் கொண்டுபோகலாம் என்று தூர்தகுன் அதை உருவினார். முப்பது மெத்தைகளும் சேர்ந்து வந்தன. சம்பந்தியின் தொப்பி நுனி மட்டும் வெளியே தெரிந்தது.

அவரைத் தோண்டி எடுத்து, மன்னிப்புக் கேட்டு, புதுசாகத் தேநீர் ஊற்றியதும் தூர்தகுன் ஒரு முடிவுக்கு வந்தார். கீழே ஓடினார். பெட்டியையே கழற்றினார். நீளமான வயரைப் படிக்கட்டு வழியாக இழுத்து மேலே கொண்டுவந்து தோரில், ரொட்டித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"அதை எதுக்குங்க எடுத்தீங்க?" சைராகுல் படிக்கட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தாள். "கீழயே வெச்சுடுங்க."

"பாரு, இப்ப எப்படிப் பறக்குதுன்னு."

பறந்தது. ஆனால் ஜிபாரின் பெயருக்குக் கீழே, 'இணைப்பில் இல்லை' என்று வந்தது. ஐந்து முறை அழைத்தார். ஐந்து முறையும் அதேதான்.

"கொரியாவுலயா நெட் இல்ல?" பாக்திகுல் ஆச்சரியப்பட்டாள். "அங்க சுரங்க ரயில்லகூட வருமாமே."

"நான் வயரைப் பார்த்துட்டு வரேன்" என்று ஜோல்தோஷ் எழுந்தான்.

"வேண்டாம்ப்பா, நீ உட்காரு." சைராகுல்லின் கையிலிருந்த தேநீர் மேசை விரிப்பில் கொட்டியது. அதைத் துடைத்து நிமிர்வதற்குள் அவன் படியிறங்கியிருந்தான்.

"சியோல்ல பனிப்புயல்" என்றார் தூர்தகுன். "காலையிலயே சொன்னா."

பாக்திகுல் அவரையே பார்த்தாள். "சம்பந்தி, உங்க காது."

தூர்தகுன் காதைக் கையால் மூடினார். உள்ளங்கை சுட்டது.

"பொண்ணுக்கு இஷ்டமில்லன்னா நேராவே சொல்லிடுங்க. நாங்க தப்பா எடுத்துக்க மாட்டோம்." அவள் கைப்பையை மடிமேல் எடுத்து வைத்தாள். கணவர் தொப்பியைச் சரிசெய்தார்.

தூர்தகுன் மனைவியைப் பார்த்தார். அவள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு மாதத்துக்கு முன்பே பெட்டியை மேலே மாட்டியிருந்தால் தன் மகளுக்கு இன்று கல்யாணம் நிச்சயமாகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

"இஷ்டம் இல்லாம இல்ல சம்பந்தியம்மா" என்றார். "இதுல பொய் இல்ல. காதைப் பாருங்க."

பாக்திகுல் எட்டிப் பார்த்தாள். ஏற்கெனவே சிவந்த காதில் எதுவும் தெரியவில்லை. பெருமூச்சோடு எழுந்து நின்றாள்.

படியில் காலடி கேட்டது. ஜோல்தோஷ் வாசப்படியில் வந்து நின்றான். மேலே கோட் இல்லை. முழங்கையில் ஒட்டடை, கையில் ஒரு பாட்டில் ஆப்ரிகாட் ஜாம்.

"மாமா, வயரெல்லாம் சரியாத்தான் இருக்கு, உங்க நிலவறைலதான் சிக்னல் சுத்தமா இல்ல. கம்பெனியை மூடிட்டாங்களாம், ஜிபார் அங்கதான் தோட்டைப் போட்டுக்கிட்டு, நடுங்கிக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க, என் கோட்டைக் குடுத்துட்டு வந்தேன். நீங்க சரின்னா மேல கூட்டிட்டு வந்துடறேன்."