முனீஸ்வரர் கோயில் சாப்

"விண்ணப்பம் நிறுத்திவைக்கப்பட்டது" என்று மூன்றாவது கடிதத்துக்குப் பதில் வந்ததும் ஐயாசாமிக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. சாஆ ஊர்ப் பக்கத்தில் எல்லா எஸ்டேட்டுக்கும் பைபர் இன்டர்நெட் வந்தாகிவிட்டது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் மலாய்க்காரர்களின் கம்பத்துக் கிராமத்தில் கோழி விற்கிறவன்கூட ஃபோனில் லைவ் போடுகிறான். இந்த லயத்து வரிசை வீடுகளுக்கு மட்டும் இல்லையாம். இங்கே இருப்பவர்கள் மனிதர்கள் இல்லையா?

அவர் கொதித்ததற்குக் காரணம் உண்டு. மகள் தேன்மொழிக்கு செனாயில் வேலை. வீட்டில் இன்டர்நெட் இருந்தால் வீட்டிலிருந்தே செய்யலாம் என்று கம்பெனி சொல்லிவிட்டது. இல்லாவிட்டால் மாசக் கடைசியில் வேலைக்குப் பக்கமாகத் தெப்ராவில் அறை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். மனைவி போனபிறகு அவருக்கு இருப்பது அவள் ஒருத்திதான். ஏற்கெனவே லயத்தில் பதினேழு வீடு பூட்டிக் கிடக்கிறது. மிச்சமிருக்கும் வீடுகளில் ஒன்றில் தனியாக உட்கார்ந்திருக்க அவரால் முடியாது.

ஆனால் ஐயாசாமி சும்மா இருக்கிற ஆளா? லயத்து முனீஸ்வரர் கோயில் தலைவர். போன வருஷம் யாரோ கோயில் ஓரமாகச் சிவப்புக் குச்சி அடித்துவிட்டுப் போனார்கள். கோயிலை உடைக்கத்தான் அளக்கிறார்கள் என்று குச்சிகளைப் பிடுங்கி எறிந்தார். கடுதாசி எழுதி, கோயில் முத்திரையான ரப்பர் சாப்பை ஓங்கிக் குத்தி, தெரிந்த ஆபீசுக்கெல்லாம் அனுப்பினார். அப்புறம் ஒருத்தன் எட்டிப் பார்க்கவில்லை. சாப்புக்கு அவ்வளவு மரியாதை.

ஆகவே இன்டர்நெட் கேட்டும் கடிதம் எழுதி அதே சாப்பைக் குத்தினார். மூன்று மாதமாகும் என்று பதில் வந்தது. சாப் சரியாக விழவில்லையோ என்று அடுத்ததில் இரண்டு குத்தினார். அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்கள். மூன்றாவதற்கு வீடு வீடாகக் கையெழுத்து வாங்கி, பக்கத்துக்குப் பக்கம் குத்தினார். அதற்குத்தான் இந்தப் பதில்.

"சாப்பை விட்டுட்டு நேர்ல போய்க் கேளுங்களேன்ப்பா," என்றாள் தேன்மொழி.

"நம்மளக் கண்டா அவனுங்களுக்கு இளக்காரமா போச்சுலா," என்று உறுமினார்.

மறுநாள் கம்பத்து முனையில் இன்டர்நெட் வேன் நின்றது. ஐயாசாமி மோட்டார் சைக்கிளைக் குறுக்கே போட்டு மறித்தார். இறங்கிவந்த பையன் சட்டையில் ரொனால்ட் என்று பெயர் இருந்தது. அவன் தமிழில் பேசியதும், நம்ம ஆள்தான் என்று இன்னும் தாராளமாகத் திட்டினார். ரப்பர் மரத்தில் பால் வெட்டிய தாத்தாவிலிருந்து போன தேர்தலில் போட்ட ஓட்டு வரைக்கும் எல்லாம் வந்தது.

ரொனால்ட் பொறுமையாகக் கேட்டுவிட்டு டேப்லெட்டைத் தட்டிப் பார்த்தான்.

"உங்க லயம்தான் அங்கிள் லிஸ்ட்ல முதல்ல இருந்துச்சு. கோயில் சாப் போட்டு எதிர்ப்பு லெட்டர் வந்திருக்கு. அதே சாப்போட இன்னும் மூணு லெட்டர். எல்லாத்தையும் எதிர்ப்பு ஃபைல்லயே போட்டுட்டாங்க."

"எதிர்ப்பா? நாங்க எப்ப தம்பி இன்டர்நெட் வேணாம்னு சொன்னோம்?"

"போன வருஷமே உங்க வீட்டுக்கு லைன் வந்திருக்கும் அங்கிள், போஸ்ட் நடுறதுக்கு நாங்க அடிச்ச சிவப்புக் குச்சியெல்லாம் யாரோ ஒரு பெரியவர் பிடுங்கி எறிஞ்சிட்டாராம்."