வெள்ளைக்காரன் சட்டமும் வெள்ளாட்டு மந்தையும்

நந்தகோபால் ஒரே ஒரு தடவை கைகட்டி நின்று, "அத்தான், என் ஆட்டை விட்டுருங்க" என்று கெஞ்ச வேண்டும். மாயகிருஷ்ணன் வாழ்க்கையில் அதற்கு மேல் எதற்கும் ஆசைப்படவில்லை. மற்ற ஆசைகளெல்லாம் கல்யாணத்தோடு தீர்ந்து போயிருந்தன.

நந்தகோபால் அவர் மனைவி பாலம்மாளுக்குக் கூடப்பிறந்த தம்பி. அதே ஊர், அடுத்த தெரு. அறுபது வெள்ளாடு வைத்திருந்தான். கரிசல் காடு கண்ணுக்கு எட்டிய மட்டும் விரிந்து கிடந்தாலும் அந்த அறுபதுக்கும் விளாத்திகுளம் ரோட்டை ஒட்டிய அத்தான் காட்டுப் பருத்திதான் ருசித்தது. மாயகிருஷ்ணனும் ஆடு மேய்த்த வம்சம்தான். அப்பா காலத்தில் மந்தையை விற்று நிலம் வாங்கினார்கள். பத்திரம் பதிந்த அன்றிலிருந்து அவருக்கும் ஆட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

"ஏட்டி, ஒன் தம்பி ஆடு இன்னைக்கும் நம்ம பருத்தியை மொட்டை அடிச்சிருச்சு."

"வாயில்லாச் சீவன். அதுக்கு வேலி தெரியுமா, வரப்பு தெரியுமா?"

"ஒன் தம்பிக்கு வாயிருக்குல்லா? அவனுக்குமா தெரியாது?"

"அவனுக்கு அக்கா காடுன்னு ஒரு பாசம்."

அந்தப் பாசம் முழங்கால் உயரச் செடியைக் கணுக்கால் உயரத்துக்குக் கொண்டுவந்திருந்தது.

பொறுக்க முடியாமல் கோவில்பட்டிக்குப் பஸ் ஏறினார். கோர்ட்டு வாசல் டீக்கடையில் தங்கப்பாண்டியன் உட்கார்ந்திருந்தார். வக்கீல் குமாஸ்தா. ஆட்டு மேல் கேஸ் போட வேண்டும் என்றதும் அவர் டீயைக் கீழே வைத்துவிட்டார்.

"அண்ணாச்சி, இப்ப கேஸ் போட்டா அந்த ஆட்டோட பேரன் காலத்துல தீர்ப்பு வரும். அதைவிடச் சுருக்கமா ஒரு வழி இருக்கு. கால்நடை அத்துமீறல் சட்டம். ஆயிரத்து எண்ணூத்து எழுபத்தொண்ணு."

"வெள்ளைக்காரன் சட்டமா? அது இன்னுமா உசிரோட இருக்கு?"

"அவன் போறப்ப ரயிலையும் சட்டத்தையும் தூக்கிட்டுப் போகல. ஒம்ம ஊர்ல பவுண்டுத் தொழு இருக்கா?"

இருந்தது. பயிரை மேய்ந்த ஆடு மாட்டைப் பிடித்து அடைக்க அந்தக் காலத்தில் கட்டிய கல்தொழு, கண்மாய்க்கரைக்குப் பின்னால், உள்ளே சீமைக்கருவேலம் வளர்ந்து, பாம்புகள் குடும்பம் நடத்தும்படியாக இருந்தது. அதைத் திறக்கச் சொல்லி மாயகிருஷ்ணன் மனு எழுத ஆரம்பித்தார். தாசில்தாருக்கு, கலெக்டருக்கு, மந்திரிக்கு. ஒரு வருஷம் எழுதினார்.

சாயங்காலமானால் தங்கப்பாண்டியன் தமிழில் எழுதிக் கொடுத்த சட்டத்தை மனைவிக்கு வாசித்துக் காட்டுவார். பாலம்மாள் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டே 'ம்' கொட்டுவாள்.

"கேளுட்டி, பத்தாம் பிரிவு. பயிரை மேஞ்ச ஆட்டைக் காட்டுக்காரன் பிடிச்சுப் பவுண்டுல அடைக்கலாம்."

"ம்."

"இருபத்துநாலு. பிடிச்ச ஆட்டை எவனாவது மறிச்சு மீட்டுட்டுப் போனா ஆறு மாசம் ஜெயில்."

"ம்."

"பன்னெண்டு. அபராதம். யானைக்கு ரெண்டு ரூவா. ஒட்டகத்துக்கு எட்டணா. ஆட்டுக்கு ஓரணா."

"நம்ம காட்டுக்கு ஒட்டகம் எப்ப வந்துச்சு?"

"வந்தா விடமாட்டோம்லா, அதுக்குத்தான்."

பாலம்மாள் பசையை வழித்துத் தடவினாள். "அடைச்ச ஆட்டுக்கு ஆரு தீனி போடுவா?"

"ஒம்பதாம் பிரிவு. பவுண்டுக் காவலன் போடணும். தண்ணியும் அவந்தான் காட்டணும்."

"போடலன்னா?"

"இருபத்தேழு. அவனுக்கு அம்பது ரூவா தண்டம். வெள்ளைக்காரன்னா சும்மாவா?"

"நல்ல சட்டந்தான்" என்றாள் பாலம்மாள்.

மாயகிருஷ்ணனுக்குப் புல்லரித்துவிட்டது. இருபது வருஷத்தில் அவர் சொன்ன ஒன்றை அவள் நல்லதென்று சொன்னது அன்றைக்குத்தான். பாவம், அன்றைக்கே அந்தச் சட்டக் காகிதத்தை அடுப்பில் போட்டிருக்கலாம்.

தொண்ணூற்றேழு ஐப்பசியில் மழை ஏமாற்றியது. கார்த்திகையில் உத்தரவு வந்தது. பவுண்டைத் திறக்கலாம். புது அபராத விகிதம் வரும்வரை பழைய விகிதமே செல்லும். தகுந்த காவலரைப் பஞ்சாயத்து நியமித்துக்கொள்ளலாம்.

பாலம்மாள் பஞ்சாயத்தில் வார்டு மெம்பர். முந்தைய வருஷம் பெண்களுக்கு ஒதுக்கிய வார்டில் மாயகிருஷ்ணன்தான் அவளை நிற்க வைத்தார். "நீ கையெழுத்தை மட்டும் போடு, பேச்சை நான் பேசிக்கிடுதேன்" என்று சொல்லித்தான் நிற்க வைத்தார். அவளும் ஒரு வருஷமாக வாய் திறந்ததில்லை. காவலரை நியமிக்கப் பஞ்சாயத்து கூடிய அன்றைக்குத் தலைவர் சுந்தரபாண்டியன், "சம்பளம் கிடையாது, ஆரு காவல் பாக்கிய?" என்று கேட்டதும் கூட்டம் கூரையைப் பார்த்தது. பாலம்மாள் எழுந்தாள்.

"இவியளை விட்டாச் சட்டம் தெரிஞ்ச ஆளு இந்தத் தாலுகாவுல ஆரு இருக்கா? ஒரு வருசமா எனக்கே வாசிச்சுக் காட்டுதாவ."

கைதட்டல் கூரை ஓட்டைப் பிய்த்தது. மாயகிருஷ்ணனுக்கு எங்கோ இடித்தது. ஆனால் ஊரே கைதட்டும்போது இடிப்பது எங்கே என்று யார் தடவிப் பார்ப்பார்கள்? சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். வழியில் நாலு பேரிடம் மணி கேட்டார், அவர்கள் சாவியைப் பார்க்கட்டும் என்று.

மறுநாள் காலையிலேயே அறுபதும் பருத்தியில் நின்றன. மாயகிருஷ்ணன் வேட்டியை மடித்துக் கட்டினார். காட்டுக்காரனாகப் பிடித்தார், காவலராகப் பூட்டினார். கல்லின் மேல் உட்கார்ந்து தெருவைப் பார்த்தார். இதோ வருவான். கையைக் கட்டுவான். கெஞ்சுவான்.

வரவில்லை. மத்தியானம் ஆடுகள் கத்த ஆரம்பித்தன. அறுபது தொண்டை. ஊர் ஜனம் வாசலுக்கு வந்துவிட்டது.

"ஏட்டி, ஒன் தம்பி எங்க?"

"மதுரையில ஒரு கல்யாணம்னு போயிருக்கான். ஏன், ஆட்டுக்குத் தண்ணி காட்டலியா?"

"ரெண்டு குடம் தா."

"வீட்டுத் தண்ணியவா? வாரத்துக்கு ஒரு நாள் குழாயில வருது. சர்க்கார் ஆட்டுக்கு வீட்டுத் தண்ணியைக் குடுத்தா நாளைக்கு மெம்பரைத்தான் ஊரு கேக்கும்."

ரெண்டு மைலுக்கு அப்பால் ஒரு தோட்டக் கிணறு. சைக்கிளில் ரெண்டு பக்கமும் குடம் கட்டி மிதித்தார். அறுபது ஆடு ஒரே மூச்சில் உறிஞ்சிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தன. மறுபடி மிதித்தார். தீனிக்குத் தன் உழவுமாட்டுக்கு வைத்திருந்த சோளத்தட்டைப் படப்பைப் பிரித்தார். ஒவ்வொரு கட்டாக எண்ணி எண்ணி உருவினார்.

ஏழு நாளைக்குள் ஆள் வராவிட்டால் ஏலம். அதை நம்பித்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். ஆறாம் நாள் சாயங்காலம் நந்தகோபால் வந்தான். மல்லிகைப்பூ வாசனை அடித்தது. கையில் சில்லறை.

"அத்தான், ஆட்டுக்கு ஓரணா. தீனிக்கூலியும் அந்தக் காலத்து ரேட்டாமே? சரியா இருக்கான்னு எண்ணிக்கிடுங்க."

கெஞ்சவில்லை. கையையும் கட்டவில்லை. ஆடுகளைத் தடவிப் பார்த்தான்.

"விலா எலும்பு தெரிஞ்ச ஆடெல்லாம் தேறிருச்சே! ஊர்க்காரனெல்லாம் மேய்ச்சலுக்கு மணியாச்சி வரைக்கும் பத்திட்டுப் போறான். எனக்கு இங்கனயே அத்தான் இருக்காவ."

மாயகிருஷ்ணன் அன்றைக்குச் சாப்பிடவில்லை. ஆனாலும் போய்விட்டான் என்று ஒரு நிம்மதி. அந்த நிம்மதி விடியும்வரை நீடித்தது. விடிந்ததும் அறுபது ஆடும் பவுண்டு வாசலில் நின்றன. பின்னால் கம்போடு பாலம்மாள்.

"என்னட்டி இது?"

"நம்ம பருத்தியை மேஞ்சுக்கிட்டு நின்னுச்சு. தம்பி ஆடுன்னு பாக்க முடியுமா? காட்டுக்காரி நானும்லா? பிடிச்சிட்டு வந்துட்டேன்."

"வேண்டாம். விட்டுரு. மேஞ்சுட்டுப் போகட்டும்."

"எப்படி விடுதது? பிடிச்சிட்டு வந்த ஆட்டை வாங்கி அடைக்க மாட்டேன்னா காவலனுக்கு அம்பது ரூவா தண்டம். நீங்கதான் வாசிச்சிய. பன்னெண்டு தடவை வாசிச்சிய."

அவர் பூட்டைத் திறந்தார். வேறு என்ன செய்ய? ஆடுகள் அவரவர் இடத்தில் போய்ப் படுத்துக்கொண்டன. பழகிவிட்டது.

இப்படியே மார்கழி போய்த் தை வந்தது. ஆறு நாள் அடைப்பு, ஒரு ராத்திரி விடுதலை, மறுபடி அடைப்பு. படப்பு தீர்ந்தது. உழவுமாடு அவரை ஏறிட்டும் பார்ப்பதில்லை. சைக்கிள் செயின் ரெண்டு தடவை அறுந்தது, முதுகு தினமும் அறுந்தது. ஆட்டுத் தண்ணிக்கே பொழுது சரியாகிப் போனதால் பருத்தியில் களை எடுக்க ஆளில்லை. ராஜினாமா செய்கிறேன் என்று பஞ்சாயத்துக்குப் போனார். தலைவர் தீர்மானத்துக்கு விட்டார். எதிர்த்து ஒரு ஓட்டு. மெம்பர் பாலம்மாள். இவர் விலகினால் சாவி தங்கள் இடுப்புக்கு வந்துவிடும் என்று பயந்து மற்ற எல்லாரும் அவள் பக்கம் போய்விட்டார்கள்.

தங்கப்பாண்டியனிடம் ஓடினார். "இந்தச் சட்டத்தை எடுக்க வழியிருக்கா?"

"டெல்லியில பார்லிமெண்டு எடுக்கணும், அண்ணாச்சி."

மாயகிருஷ்ணன் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து உண்மையிலேயே அழுதார். வெள்ளைக்காரனை விரட்ட இந்தச் சீமையில் எத்தனை பேர் ஜெயிலுக்குப் போனார்கள். செக்கிழுத்தார்கள். அவன் விட்டுப்போன ஒரு சட்டத்தை இவர் ஒருத்தர்தான் மெனக்கெட்டு எழுப்பி உட்கார வைத்திருக்கிறார்.

ஊருக்குத் திரும்பியபோது உச்சிவெயில். வீட்டுக்குள் நந்தகோபால் சம்மணம் போட்டுக் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஆடு உள்ளே இருப்பதால் அவனுக்கு வேலை இல்லை. வேலை இல்லாததால் பசி நிறைய. பாலம்மாள் பரிமாறிக்கொண்டிருந்தாள்.

மாயகிருஷ்ணன் வாசல்படியில் நின்றார். தன் கை ரெண்டும் தானாகக் கட்டிக்கொண்டதை அவர் கவனிக்கவில்லை.

"மாப்பிள்ளை... ஆட்டை ஓட்டிட்டுப் போயிருங்க."

"எங்கன ஓட்டுதது, அத்தான்? காடெல்லாம் காஞ்சு கிடக்கே."

"என் காட்டுக்கே ஓட்டுங்க. பருத்தி மிச்சம் நிக்குது. மேயட்டும்."

சொன்னது தன் வாய்தானா என்று அவருக்கே சந்தேகம் வந்தது. ஒரு வருஷ மனு, மந்திரி வரைக்கும் போன கடுதாசி, எல்லாம் இந்த ஒரு வார்த்தைக்குத்தானா?

நந்தகோபால் விரலை நக்கினான். "வேண்டாம் அத்தான். பிறகு பிடிச்சு அடைச்சிருவிய. சட்டம்னா சட்டந்தானே?"

"அடைக்க மாட்டேன். பிள்ளைக மேல சத்தியமா அடைக்க மாட்டேன். அவளையும் பிடிக்க வேண்டாம்னு நீங்களே சொல்லுங்க. ஒங்களுக்குக் கோடிப் புண்ணியம், மாப்பிள்ளை, வந்து மேயுங்க."

நந்தகோபால் அக்காவைப் பார்த்தான். பாலம்மாள் அவன் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். புருஷனை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கும் மனசு இளகிவிட்டது போலத் தெரிந்தது.

"ஏலே தம்பி, அத்தான் இம்புட்டுக் கெஞ்சுதாவ. நாளைக்கே காட்டுக்கு ஓட்டிட்டுப் போ. அங்கன தண்ணி கிடையாதேன்னு ரோசிக்காத, அதை வழக்கம்போல அவியளே சைக்கிள்ல கொண்டாந்து ஊத்திருவாவ."