முப்பத்தெட்டு நிமிடம்

"இன்னா ஜெயசீலன், இன்னும் வேகலையா?"

ஆம்பூர் ஷூ கம்பெனியின் மேனேஜர் அப்துல் ஹமீத் தினமும் காலை ஒன்பதரை மணிக்குக் கேட்கும் கேள்வி. அடுப்பில் இருப்பது இறுக்கிச் சுருக்கிய ஒரு ஜிப் ஃபைல். ஜெர்மனி ஆர்டரின் ஷூ அளவுகள் அதற்குள்ளிருந்து விரிந்து வர முப்பத்தெட்டு நிமிடம் ஆகும். அதுவரை கட்டிங் மிஷின்கள் சும்மா நிற்கும்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள சரி பண்ணு. இல்லேன்னா பெங்களூர்லேர்ந்து ஆள் வருவான். நீ மேல்விஷாரம் தோல் குடோனுக்குப் போய்டு."

பச்சைத்தோல் நாற்றத்தை நினைத்ததுமே ஜெயசீலன் மூக்கைப் பொத்திக்கொண்டார். ஆனாலும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். கம்பெனியில் கம்ப்யூட்டருக்குச் சட்டம் போடுபவரே அவர்தான். அவருடைய சர்குலர்கள் சுவர் முழுக்க ஒட்டியிருந்தன.

"கவலைய விடுங்க பாய். ஃபைலைப் பிரிக்கிற புரோகிராமை நானே புதுசா எழுதுறேன்."

செவ்வாய்க்கிழமை வேலையை நான்காகப் பங்கு போட்டு ஒரே நேரத்தில் ஓடவிட்டார். பன்னிரண்டே நிமிடம்! கைதட்டல் அடங்குவதற்குள் கட்டிங் மாஸ்டர் ஆதிகேசவன் ஒரு கூடையோடு வந்தார்.

"சார், துண்டெல்லாம் மாறிப்போச்சு. அறுபது ஜோடியும் எடது காலாவே வெட்டிருக்கு."

"சின்ன விஷயம்," என்றார் ஜெயசீலன்.

புதன்கிழமை, வரிசை மாறாமலிருக்க, மொத்த ஃபைலையும் ஒரே மூச்சில் சர்வருக்குள் ஏற்றினார். நாலு நிமிடம். ஆனால் சர்வர் திணறி நின்றுவிட, அதோடு சேர்ந்து வருகைப்பதிவு மிஷினும் நின்றது. ரேகை வைக்க முடியாமல் முந்நூறு பேர் கேட்டுக்கு வெளியே. ஹமீத் பாய் நோட்டும் பேனாவுமாக வெயிலில் நின்று ஒவ்வொரு பெயராக எழுதினார். எழுதிய வேகத்திலேயே அவருடைய கோபம் தெரிந்தது.

"பேஜார் பண்ணாதப்பா."

"நாளன்னிக்குப் பாருங்க பாய்."

வியாழக்கிழமை ஜெயசீலன் சாப்பிடக்கூட எழவில்லை. வெள்ளி காலை ஒன்பது மணிக்குப் பட்டனைத் தட்டினார். பதினோரு நொடி! இடது, வலது, எல்லாம் அதனதன் இடத்தில். ஆதிகேசவன் விசிலடித்தார். பாய் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஜெயசீலனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"ஜெர்மன்காரன் எவ்ளோ இறுக்கி ஜிப் பண்ணி அனுப்பினாலும் நம்மகிட்ட நடக்காது பாய்!"

ஜெர்மனி மெயிலைத் திறந்து அவருக்கு ஃபைல் அனுப்புவது பக்கத்து மேசை புஷ்ராவின் வேலை. அவள் தயங்கித் தயங்கி எழுந்தாள்.

"சார், அவங்க ஃபைலை ஜிப் பண்ணாம அப்படியேதான் அனுப்புறாங்க. 'ஜிப் பண்ணாத ஃபைல் என் மேசைக்கு வரக்கூடாது'ன்னு நீங்க போட்ட சர்குலரைப் பார்த்து நான்தான் தினம் எட்டு மணிக்கே வந்து ஜிப் பண்றேன். அதுக்கு ஒரு மணி நேரம் ஆவுது. அதையும் கொஞ்சம் ஸ்பீடு பண்ணித் தர்றீங்களா?"